வாசற்படியில் வந்து நின்றவர்கள்

அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் வட அமெரிக்கச் சிறுவர் மாறுவேடம் பூண்டு, வாசலில் விளக்கெரியும் வீடுகளைத் தட்டி இனிப்புக் கேட்பர். விளக்கணைந்த வீட்டைக் கடந்து போவதே அங்குள்ள மரியாதை. ஹாலோவீன் எனும் இவ்வழக்கத்தைப் புறமத எச்சம் என்று மட்டும் கூறி நாம் ஒதுக்கிவிடுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

ஒன்பதாம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபையில் நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாளாக நிலைபெற்றது. மறுநாளை மரித்தோருக்காக மன்றாடும் நாளாகத் தம் மடங்களில் நிறுவியவர் க்ளூனி மடத்தலைவர் ஓடிலோ. பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஏழைகள் வீடுவீடாகச் சென்று, அவ்வீட்டில் மரித்தோருக்காக ஜெபிப்பதாகச் சொல்லி ‘ஆத்தும அப்பம்’ பெற்றனர்.

1517இல் லூத்தர் தம் 95 கருத்துரைகளைப் பேராயருக்கு அனுப்பியது இத்திருநாளுக்கு முந்தின நாளிலேதான். சீர்திருத்தம் உத்தரிக்கும் ஸ்தலத்தை மறுத்தது. 1552ஆம் ஆண்டு ஆங்கில ஜெபப்புத்தகத்தினின்று மரித்தோருக்கான மன்றாட்டு நீங்கிற்று. உபதேசம் நீங்கியும் வழக்கம் நீங்கவில்லை. செஷயர், ஷ்ராப்ஷயர் சிற்றூர்களில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நிலைத்திருந்தது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் தங்கள் மாறுவேட வழக்கத்தைக் கடல் கடந்து கொண்டு சென்றனர்.

புதிய நாட்டிலோ கேட்பவர் மாறினர்; ஏழை நின்ற வாசலில் அண்டை வீட்டுப் பிள்ளை நின்றது. 1950இல் பிலதெல்பியாவில் பிரெஸ்பிட்டேரியன் போதகர் க்ளைட் அலிசனும் அவர் துணைவியார் மேரி எம்மாவும், பிள்ளைகள் அதே வாசல்களில் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதிக்குக் காசு சேர்க்கும் முறையைத் தொடங்கினர். முதற்சேகரம் 17 டாலர்.

பிழையான உபதேசத்தைக் களைவது பாதி வேலையே. அதன் நிழலில் பிழைத்த தர்மத்துக்கு வேறு வழி வகுக்காவிடில் நஷ்டப்படுகிறவர் ஏழையே. சபையின் பழைய வழக்கமொன்றை நீக்குமுன் நாம் கேட்கவேண்டியது இது: இதனால் யாருடைய கை வெறுமையாகும்?