பேரன்

பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பெயர்த்தி தேய்ந்து பேர்த்தியாகிப் பேத்தியானாள். பெயரைத் தாங்குபவன், தாங்குபவள் என்பதே பொருள். பிள்ளையின் பிள்ளை என்னும் உறவைச் சுட்ட, ரத்தத்தையோ வயதையோ சொல்லாமல் பெயரைச் சொன்ன மொழி இது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பாட்டிலேயே பெயரன் வந்துவிடுகிறான்.

சோழர் மரபைப் பாருங்கள். முதலாம் பராந்தகனின் மகன் அரிஞ்சயன். அவன் மகன் சுந்தர சோழனுக்கு மீண்டும் பராந்தகன் என்றே பெயர். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்பி வருகிறது. இந்து, கிறித்தவ, இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா பெயரைப் பிள்ளைக்கு இடுவதை இன்றும் காணலாம்.

ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாதே! தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை எப்படி அழைப்பாள்? 'ஐயா', 'ராசா', 'பெரியவனே' என்று கூப்பிடுவாள். வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் வேறொன்று என்று பலர் வளர்ந்ததற்கு இந்த மரியாதையும் ஒரு காரணம். அந்த அழைப்பில் பெரியவர் மேல் பணிவும் பிள்ளை மேல் ஆசையும் ஒருசேர இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா, பேத்தி என்றால் பாட்டி, மக்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள். பெயரைத் தந்தவருக்கும் பெற்றவருக்கும் அங்கே வேர்ச்சொல் ஒன்றுதான்.