தேர்க்காலும் சேம அச்சும்: வண்டி ஏறாத வத்தல்மலை

சென்ற காலத்தைத் தெருக்கூத்தின் வாயிலாக அறிந்த தலைமுறை ஒன்று இருந்தது. திரைப்படத்தின் வாயிலாக அறிந்த தலைமுறை அடுத்து வந்தது. இன்றைய இளைஞர் பலர் அதனைக் கணினி விளையாட்டின் வாயிலாக அறிகின்றனர். பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2007ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்டுவரும் 'அசாசின்ஸ் கிரீட்' என்னும் விளையாட்டு வரிசை அவற்றுள் பெரும்புகழ் பெற்றது. சிலுவைப்போர்க் காலத்துப் புனித பூமி, மறுமலர்ச்சிக் காலத்து இத்தாலி, புரட்சிக் காலத்துப் பாரிசு என ஒவ்வொரு பகுதியும் ஒரு நாட்டையும் ஒரு காலத்தையும் களமாகக் கொள்கிறது.

இவ்வரிசையில் குதிரைவண்டிக்குத் தனியிடம் உண்டு. கோபுர உச்சியிலிருந்து கதைத்தலைவன் கீழே நிற்கும் வைக்கோல் வண்டிக்குள் குதித்து உயிர் தப்புவது இவ்வரிசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2009இல் வந்த இரண்டாம் பகுதியில், லியொனார்டோ டா வின்சியின் வண்டியை அவன் மலைவழியே ஓட்டிச் செல்லப் பகைவர் துரத்துகின்றனர். 2015இல் வந்த 'சிண்டிகேட்' பகுதியிலோ 1868ஆம் ஆண்டின் இலண்டன் மாநகரத் தெருக்கள் முழுவதும் குதிரைவண்டிகளே. ஆடுவோர் விரும்பிய வண்டியைப் பற்றி ஓட்டலாம். ஒன்றன் கூரையிலிருந்து மற்றொன்றன் கூரைக்குத் தாவலாம். எதிர்வரும் வண்டியை மோதிச் சாய்க்கலாம்.

இவற்றை ஆடி வளரும் சிறுவர் உள்ளத்தில் 'பழங்காலம்' என்றவுடன் குளம்பொலியும் சக்கரமும் தோன்றுவது இயல்பே. தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் வத்தல்மலையை அத்தகைய விளையாட்டொன்று களமாகக் கொண்டால், அங்கு எவ்வகை வண்டி ஓடும்? எவ்வகை வண்டியும் ஓடாது என்பதே வரலாறு தரும் விடை. அவ்விடையின் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தகடூரின் இரு வண்டிகள்

வத்தல்மலையை நோக்கிக் கிடக்கும் சமவெளி பழைய தகடூர் நாடு. சங்ககாலத்தில் அதனை ஆண்டவர் அதியமான்கள். அசோகனின் கல்வெட்டுகள் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துக் கூறும் 'சத்தியபுதோ' யாவர் என்பது நெடுங்காலம் வழக்காகவே இருந்தது. திருக்கோவலூர்ப் பகுதியிலுள்ள ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியை அப்பெயராலேயே குறித்து அவ்வழக்கைத் தீர்த்தது.

அவ்வஞ்சியைப் பாடிய ஔவையார், புறநானூற்றின் 87ஆம் பாட்டில் அவனை ஒரு தேர்ச்சக்கரத்திற்கு ஒப்பிடுகிறார். அது எளிய சக்கரமன்று. நாள்தோறும் எட்டுத் தேர் செய்து முடிக்கும் திறன்வாய்ந்த தச்சன், ஒரு திங்கள் முழுதும் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரம். கணக்கிட்டால் 240 தேர்களுக்குரிய உழைப்பு அவ்வொரு சக்கரத்துள் அடங்கிக் கிடக்கிறது. பகைவருக்கு விடுக்கும் எச்சரிக்கையைத் தச்சுப்பட்டறையின் கணக்கால் சொன்ன புலமை வியக்கத்தக்கது. தேர் தகடூர் மக்கள் கண்ணெதிரே உருவான பொருள் என்பதும் இவ்வுவமையால் உய்த்துணரப்படும்.

அதே ஔவையார், அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் பாடுமிடத்து (புறம். 102) முற்றிலும் வேறான வண்டியைக் காட்டுகிறார். அஃது உப்பு வணிகராகிய உமணரின் மாட்டுவண்டி. எருதுகள் நுகத்திற்குப் புதியவை, பாரமோ மிகுதி, வழியில் பள்ளமும் மேடும் உள்ளன. என்ன நேருமோ என்று அஞ்சிய உமணர், அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக இன்னோர் அச்சினை வண்டியின் அடியில் கட்டிச் செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். எழினி அத்தகையவன் என்கிறார் புலவர்.

தந்தை தேர்க்கால், மகன் உப்புவண்டியின் சேம அச்சு. குதிரை இழுத்த ஊர்தியும் எருது இழுத்த ஊர்தியும் ஒரே குடியின் புகழுக்கு ஒரே புலவரால் உவமையாயின. இவ்விரண்டனுள் தேர் மறைந்தது, வண்டி நிலைத்தது. ஏன் என்பது ஆராயத்தக்கது.

குதிரையின் அருமை

சங்க இலக்கியத்தில் குதிரை பூண்ட தேருக்குக் குறைவில்லை. முல்லைத்திணைப் பாடல்களில் வினைமுடித்து மீளும் தலைவன் பாகனை விரைவுபடுத்துகிறான். பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கும் என்று இரங்கித் தேர்மணியின் நாவைக் கட்டி ஒலியடக்கி வந்த தலைவனைக் குறுங்குடி மருதனார் அகநானூற்றின் 4ஆம் பாட்டில் காட்டுகிறார். பறம்புமலைத் தலைவன் பாரி படரக் கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான். ஆயினும் இத்தேர்கள் யாவும் மன்னரும் செல்வரும் ஏறியவை. இவற்றுள் நெல்மூட்டையோ உப்போ ஏறியதில்லை.

காரணம் வெளிப்படை. தமிழகத்தில் நற்குதிரை பல்கவில்லை; அது கடல்கடந்து வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களுள் கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை முதலாவதாக எண்ணுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரும் அந்நிலை மாறவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாடு வந்த மார்க்கோ போலோ, அந்நாட்டு வேந்தர் ஆண்டுதோறும் பெரும்பொருள் கொடுத்துக் குதிரைகளை வாங்குவதையும், பேணும் முறை அறியாமையால் அவை விரைவில் மடிவதையும் எழுதியுள்ளார். அத்துணை விலையுயர்ந்த விலங்கைச் சுமைவண்டியில் பூட்ட யார் துணிவர்?

உடலமைப்பும் ஒரு காரணமாகும். எருதின் திமில் நுகம் தாங்குதற்கென்றே அமைந்தது போன்றது. நுகத்தடி திமிலின்முன் அமர, பூட்டாங்கயிறு கழுத்தை அணைத்தால் போதும். குதிரைக்குத் திமில் இல்லை. அது பெருஞ்சுமை இழுக்க வேண்டுமாயின் பாரம் தோள்களில் பரவும்படி உள்ளே மெத்தென்று திணித்த கழுத்துப்பட்டை வேண்டும். அக்கருவி ஐரோப்பாவில் இடைக்காலத்தில் பரவிய பின்னரே அங்குக் குதிரை ஏரும் சுமைவண்டியும் இழுக்கலாயிற்று. விளையாட்டுக் காட்டும் இலண்டன் அவ்வளர்ச்சியின் முடிவில் நிற்பது.

தமிழகத்திலோ குதிரை படைக்கும் தெய்வத்திற்கும் உரியதாயிற்று. ஊரெல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை நின்றது. தாராசுரத்துக் கோயிலில் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பியர் மண்டபத்தையே தேராக்கிச் சக்கரமும் குதிரையும் கல்லில் வடித்தனர். திருவிழாத் தேரின் முன்னே மரக்குதிரைகள் கால்தூக்கிப் பாய்ந்து நிற்கும். வடம்பிடித்து இழுப்பவர் ஊர்மக்கள். குதிரை அழகுக்கு, இழுவை மனிதர்க்கு என்னும் இவ்வேற்பாடு தமிழக ஊர்திகளின் வரலாற்றையே சுருக்கிக் காட்டுவதாகும்.

பொதுமக்கள் ஏறிய குதிரைவண்டி பிற்காலத்தது. ஜட்கா எனப்பட்ட அவ்வண்டி ஒற்றை மட்டக்குதிரையும் இரண்டு சக்கரமும் வளைந்த கூண்டும் உடையது. பயணியர் காலை மடக்கி வைக்கோல்மேல் விரித்த பாயில் அமர்வர். சென்னையிலும் மாவட்டத் தலைநகர்களிலும் புகைவண்டி நிலையத்திற்கும் ஊருக்கும் இடையே அது ஓடிற்று. ஆளை ஏற்றுவது அதன் தொழில். ஊரின் விளைச்சலைச் சுமந்தது அன்றும் எருதே.

எருதின் ஆட்சி

உமணர் வண்டியின் முழு உருவத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை தருகிறது. அவ்வண்டியில் ஒரு குடும்பமே செல்கிறது. காடி வைத்த கலம் தொங்குகிறது. குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். சுமை இழுக்கும் வண்டி வீடாகவும் விளங்கிய காட்சி இது.

தருமபுரி வட்டாரத்தில் செல்வம் என்பது மாடே. இப்பகுதியில் மிகுதியாகக் கிடைத்துள்ள நடுகற்கள் பல, ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் உயிர்நீத்த வீரர்க்கு எடுத்தவை. பதினெட்டாம் நூற்றாண்டிலும் எருதே இந்நிலத்தை இயக்கியது. பாராமகால் எனப்பட்ட இந்நாடு மூன்றாம் மைசூர்ப் போரின் (1790–1792) களங்களுள் ஒன்று. அப்போரில் ஆங்கிலேயரின் பீரங்கிகளை இழுத்தவை எருதுகள். படைக்குத் தானியம் கொணர்ந்தவர் பொதிமாடுகளை ஓட்டிவந்த இலம்பாடியர். 1792இல் பாராமகால் கும்பினியார் கைப்பட்டபின், அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தருமபுரியில் தங்கிய தாமசு மன்றோ 1799 வரை நிலமளந்து வரி வகுத்தார். வரியாகும் விளைச்சல் சந்தைக்குச் சென்றதும் எருதின் தோளில்தான்.

சக்கரம் நின்ற இடம்

சமவெளியில் இத்துணை உழைத்த சக்கரம் வத்தல்மலையின் அடிவாரத்தில் நின்றுவிட்டது. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு முதலிய மலையூர்களில் வாழ்பவர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அம்மக்களின் வழிவழிச் செய்தி. தமிழகத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவியுள்ள அவர்கள் தமிழே பேசுவோர்.

மலையில் விளைந்த சிறுதானியமும் மிளகும் காப்பியும் ஒற்றையடிப் பாதையில் இறங்கின. உப்பும் துணியும் அப்பாதையிலேயே ஏறின. தகடூர்வரை உமணர் வண்டியில் வந்த உப்பு, மலையடியில் மனிதர் தலைக்கும் விலங்கின் முதுகுக்கும் மாறியாக வேண்டும். பள்ளத்தையும் மேட்டையும் எண்ணிச் சேம அச்சுக் கட்டிய உமணருக்கும் இம்மலை மேடு அப்பாற்பட்டதே.

இதற்கும் சங்க இலக்கியம் சான்று தருகிறது. உமண வண்டியைப் பாடிய அதே பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தினையும் பாடுகிறது. நிமிர்ந்த செவி, சுமையழுத்திய தழும்பேறிய முதுகு, பலாப்பழம் போன்ற பொதி என்று அவ்விலங்கினைப் புலவர் உற்று நோக்கியுள்ளார். தேருக்கு வண்டியும் வண்டிக்குப் பொதியும் இழிந்தன அல்ல. ஒவ்வொன்றும் அதற்குரிய நிலத்தில் ஓடும். திருவள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் தேரையும் கப்பலையும் எடுத்துக்காட்டி (496) உணர்த்திய உண்மையும் இதுவே.

அக்கழுதைச் சாத்து முற்றும் மறைந்துவிடவுமில்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலின்போது இதே தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் தொகுதியில், சாலையில்லாத கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகிலேயே சென்றன. மிளகுப்பொதி இருந்த இடத்தில் மக்களாட்சியின் பொதி ஏறியது.

வத்தல்மலைக்கு இந்நூற்றாண்டில்தான் தார்ச்சாலை வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இன்று பேருந்து ஏறுகிறது. ஆதலின் இம்மலையின் சக்கர வரலாறு வியப்பானது. தேர் ஏறவில்லை; மாட்டுவண்டி ஏறவில்லை; ஜட்கா ஏறவில்லை. நேரே இயந்திர ஊர்தி ஏறிற்று. சமவெளி ஈராயிரம் ஆண்டுகளில் கடந்த படிகளை மலை ஒரு தலைமுறையில் தாண்டியது.

திரையில் இடம்பெறாதவை

விளையாட்டின் குதிரைவண்டி பொய்யன்று. ஆனால் அஃது அரைமெய். திரைக்குதிரை களைப்பதில்லை, அதற்குக் கொள்ளும் புல்லும் வேண்டுவதில்லை. மெய்யான இலண்டன் குதிரையின் துயரை அறிய விரும்புவோர் அன்னா சீவெல் 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' புதினத்தைக் காண வேண்டும். அங்குக் குதிரையே தன் கதையைக் கூறுகிறது. ஓட்டுபவனுக்கு விரைவாகத் தெரியும் சவாரி, இழுக்கும் உயிருக்கு வேறொன்றாகத் தெரியும்.

மலைமக்களின் வரலாற்றில் நினைக்க வேண்டுவது அவ்விழுக்கும் உயிரின் பக்கமே. சாலையில்லாத மலையூர்களில் பேறுகால வலிகண்ட பெண்ணையும் பாம்பு தீண்டியவரையும் துணியில் தூளிகட்டி, மூங்கிலைத் தோளில் ஏற்றி, காடும் கல்லும் கடந்து இறக்குவதே வழக்கமாயிற்று. அங்குக் குதிரையும் மனிதனே, எருதும் மனிதனே, வண்டியும் மனிதனே. அடிவாரத்தை அடையும்முன் நின்றுபோன உயிர்கள் உண்டு. சக்கரம் வந்ததா, வரவில்லையா என்பது அம்மக்களுக்கு வாழ்வா சாவா என்னும் வினாவாக இருந்தது.

குளம்பொலி கேட்கும் தெருவே பழங்காலம் என்று எண்ணி வளரும் இளைஞன், தன் பாட்டன் கேழ்வரகு மூட்டையோடு இறங்கிய பாதையை வரலாறு என்று மதியாமல் போகக்கூடும். இலண்டன் தெருவைக் கல் கல்லாகத் திரையில் எழுப்பப் படமும் வரைபடமும் ஆவணமும் துணைசெய்தன. வத்தல்மலையின் பழம்பாதைக்கு உள்ள ஆவணம் முதியோர் நினைவு ஒன்றே. எந்தப் பாறையில் சுமையிறக்கி இளைப்பாறினர், எந்தச் சுனையில் நீர் பருகினர், ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் வழங்கிய பெயர்கள் யாவை என்பன அவர்களிடம் உள்ளன. பேருந்து ஏறியபின் பாதையில் புல் மூடும், பெயர்களும் மூடிப்போகும்.

ஔவையார் தச்சன் பட்டறையையும் உமணர் வண்டியின் அடியையும் குனிந்து பார்த்தமையால்தான் தகடூரின் தேர்க்காலும் சேம அச்சும் இன்றும் நமக்குக் கிடைத்துள்ளன. பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்துக் கவிஞர் பெருமக்கள் ஒருமுறை பேருந்தை அடிவாரத்திலேயே விட்டு, வழியறிந்த மலைவாழ் முதியவர் ஒருவருடன் பழைய பாதையில் ஏறுதல் வேண்டும். அவர் சொல்லும் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தாலே அது பதினோராம் ஆண்டின் முதற்பணியாக அமையும்.