ஓயாத மனமும் மருத்துவ வரலாறும்

வகுப்பில் பாடம் நடக்கும்போது ஒரு மாணவன் சன்னலுக்கு வெளியே பார்த்திருக்கிறான். மற்றொருவனுக்கோ இருப்பே கொள்வதில்லை. முன்னவனைப் பராக்குப் பார்ப்பவன் என்கிறோம். பின்னவனைக் காலில் சக்கரம் கட்டியவன் என்கிறோம். இத்தகையோருள் சிலருக்கு இருப்பது மூளை வளர்ச்சியைச் சார்ந்த ஒரு கோளாறு. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பது அதன் இன்றைய பெயர். இப்பெயர் வந்து சேர்ந்த வழி நெடியது.

1798-இல் ஸ்காத்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் எழுதிய மனநோய் நூலில், கவனத்திற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. கதவு படீரென்று சாத்தப்படுதல், மேசை நகர்தல், அறையில் ஒருவர் நடமாடுதல் - இவையே சிலருடைய மனத்தைக் கலைக்கப் போதுமானவை என்கிறார் அவர். இலத்தீன், கிரேக்க இலக்கணங்களின் வறட்சியை வெறுக்கும் பிள்ளைகள் பிரம்புக்கும் மசியார், கெஞ்சலுக்கும் மசியார் என்றும் கூறுகிறார். (நம் ஊர் இலக்கண வகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்.) இக்குறை பிறவியிலும் அமையலாம், நோயினாலும் வரலாம் என்று அவர் அன்றே பகுத்தறிந்தது வியப்புக்குரியது.

நூறாண்டுக்குப் பின், 1902-இல், இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவுக்குக் குறைவில்லாதிருந்தும் தம்மை அடக்க இயலாத பிள்ளைகளை அவர் நுணுகி ஆராய்ந்திருந்தார். ஆனால் அவர் சூட்டிய பெயர், 'ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு' என்பது. உடலில் வேர்கொண்ட குறை என்பதே அவர் கருத்து. எனினும் 'ஒழுக்கம்' என்ற சொல் கேட்போர் நெஞ்சில் வேறு பொருளையன்றோ விதைக்கும்! அவர் கண்ட அத்தகைய 20 பிள்ளைகளுள் ஆண்கள் 15, பெண்கள் 5. ஓடியாடாமல் தமக்குள்ளே கனவில் ஆழும் சிறுமியர் நெடுங்காலம் மருத்துவர் கண்ணுக்குத் தப்பியே இருந்தனர்.

முதல் உலகப்போரின் இறுதியில் ஒருவகை மூளையழற்சி நோய் பரவிற்று. பிழைத்த குழந்தைகள் பலர் முன்னிலும் துடுக்காகவும் அமைதியற்றும் மாறினர். மூளையைப் பற்றிய நோய் நடத்தையை மாற்றக்கூடும் என்பது வெளிப்படையாயிற்று.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் எம்மா பிராட்லி என்ற சிறுமி ஏழாம் வயதில் மூளையழற்சிக்கு ஆளானாள். பெற்றோர் விட்டுச்சென்ற செல்வத்தால் 1931-இல் அவள் பெயரில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்று எழுந்தது. அங்கே சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் குழந்தைகளின் மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்தார். அதற்காக முதுகுத்தண்டு நீரை வடித்துக் காற்றைச் செலுத்துவார்கள். பின்பு தாங்கொணாத தலைவலி உண்டாகும். அதற்கு மருந்தாகப் பென்சிட்ரின் என்ற ஊக்கியைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி அவ்வளவாகத் தீரவில்லை. ஆனால் குழந்தைகள் அமர்ந்து பாடம் படிக்கலாயினர்! 1937-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், 30 குழந்தைகளுள் 14 பேர் படிப்பில் பெரும் முன்னேற்றம் கண்டதாகக் குறித்தார். குழந்தைகளோ அதனைக் 'கணக்கு மாத்திரை' என்றார்கள். சோம்பலைத் துரத்தும் மருந்து துடிப்பவனை எவ்வாறு அமர்த்தும் என்று பலரும் மயங்கினர். மூளையில் கவனத்தையும் அடக்கத்தையும் ஆளும் பகுதிகளை அது ஊக்குகிறது என்பது பிற்காலத்து விளக்கம்.

1944-இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் மெதில்பெனிடேட் என்ற மருந்தை உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரையொட்டி அது 'ரிட்டலின்' எனப்பட்டது.

பெயர்கள் மாறிக்கொண்டேயிருந்தன. அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1968-இல் 'குழந்தைப் பருவ மிகையியக்க எதிர்வினை' என்றது. 1980-இல் கவனக்குறைவு முதலிடம் பெற்றது. 1987-இல் இன்றைய பெயர் அமைந்தது. 'குழந்தைப் பருவம்' என்ற சொல் பெயரிலேயே இருந்தவரை, மீசை முளைத்தவுடன் இக்குறை மறையும் என்றே பலரும் நம்பினர். 1976-இல் யூட்டா மாநிலத்தின் பால் வெண்டர் பெரியவர்களிடமும் இதனை ஆராய்ந்து காட்டினார். 2013-ஆம் ஆண்டின் நூல், சிறுவர்க்கு ஆறு அறிகுறிகள் வேண்டும். பெரியவர்க்கு ஐந்தே போதும் என வகுத்தது.

இரட்டையர் ஆய்வுகள் இக்கோளாற்றில் மரபுவழியின் பங்கே பெரிதெனக் காட்டுகின்றன. ஆகவே, மகனைக் காட்ட வந்த தந்தை, மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு வினாவுக்கும் தம் பள்ளிப் பருவத்தை எண்ணித் தலையசைப்பது இன்று அரிய காட்சியன்று.