கொல்லத் தெய்வத்தின் ஊனம்: கிரேக்க, உரோமத் தொன்மங்களில் கைவினையாளனின் நிலை

புராதன கிரேக்க இலக்கியம் எம்மவரிடையே பெரிதும் வீரயுக இலக்கியமாகவே அறிமுகமாகியுள்ளது. 'ஈஸ்கிலஸும் ஏதென்ஸும்' (1941) என்னும் நூலின் ஆசிரியரான ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்ற க. கைலாசபதி, சங்கச் செய்யுட்களை ஹோமரது காவியங்களோடு ஒப்புநோக்கிச் செய்த ஆய்வு 1968 இல் நூலாக வெளிவந்தது. அது முதலாக அக்கிலீஸும் ஹெக்டரும் எமது ஆய்வுலகுக்குப் புதியவரல்லர். ஆயின் அக்கிலீஸ் ஏந்திய கேடயத்தைச் செய்தவன் அத்துணை கவனம் பெற்றானல்லன். அவனே ஹெபைஸ்தோஸ், உரோமர் தமது வல்கனோடு ஒன்றாகக் கண்ட தெய்வம். ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களுள் உடலுழைப்பையே தன் தொழிலாகக் கொண்டவனும் அவனே. கால் ஊனமுற்றவனாகக் காட்டப்படுபவனும் அவனே. இவ்விரண்டும் ஒருவனிடத்தே வந்து பொருந்தியமை தற்செயலானதா என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

இலியட் காவியத்தின் 18 ஆம் பகுதியில் அக்கிலீஸின் தாயான தெற்றிஸ் கொல்லனின் மனைக்கு வருகிறாள். அவனோ வியர்வை சொட்டத் துருத்திகளிடையே வேலையில் ஈடுபட்டிருக்கிறான். வந்தவளை வரவேற்குமுன் முகத்தையும் கைகளையும் கழுத்தையும் மயிரடர்ந்த மார்பையும் கடற்பஞ்சால் துடைத்துக்கொள்கிறான். வியர்க்கும் தெய்வத்தை இத்துணை நுணுக்கமாகக் காட்டிய கவிஞன், உழைப்பை அருகிருந்து கண்டவனாதல் வேண்டும். அன்றிரவு அவன் செய்யும் கேடயத்தில் உழவு, அறுவடை, திராட்சை கொய்தல், மந்தை மேய்த்தல், ஆடல் என மனித வாழ்வு முழுவதும் இடம்பெறுகிறது. போரும் அங்குண்டு; எனினும் அது வாழ்வின் ஒரு கூறு மாத்திரமே. அறுவடைக் காட்சியில் அரசனும் நிற்கிறான். செங்கோலுடன், பேசாது, மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டு நிற்கிறான். உழைப்போர் யார், நிற்போர் யார் என்பதைக் கேடயம் மறைக்கவில்லை.

இத்தகைய படைப்பாளியைக் காவியம் நடத்தும் முறை வேறு. முதற் பகுதியில் தெய்வங்களிடையே மூண்ட பூசலைத் தணிக்க அவன் தானே பானம் பரிமாறுகிறான். அவன் மண்டபத்தில் அங்குமிங்கும் விரைந்து செல்வதைக் கண்ட தெய்வங்கள் அடக்கமாட்டாது சிரிக்கின்றன. அவன் வானினின்று வீழ்ந்தமைக்கும் இரு கதைகள் வழங்குகின்றன. தாய்க்குப் பரிந்து நின்றமையால் சியூஸ் அவனை எறிய, ஒரு பகல் முழுதும் வீழ்ந்து லெம்னோஸ் தீவை அடைந்தான் என்பது ஒன்று. ஊனமுற்றவன் என்பதற்காகப் பெற்ற தாயான ஹீராவே எறிந்தாள் என்பது மற்றது. எறிந்தவர் யாராயினும் மேலுலகில் அவனுக்குரிய இடம் உறுதியற்றது. அவனது கைத்திறனோ அவ்வுலகுக்கு இன்றியமையாதது. தெய்வங்களின் மாளிகைகளைக் கட்டியவனும் அவனேயல்லவா?

ஊனத்துக்கு விளக்கங்கள் பல கூறப்பட்டுள்ளன. ஆசனிக் கலந்த செம்பை உருக்கிய பண்டைய கொல்லர்க்கு நேர்ந்த நஞ்சேற்றத்தின் நினைவு அது என்பர் சிலர். எனினும் சமூக உறவுகளைத் தவிர்த்து இதனை முற்றாக விளக்குதல் இயலாது. ஸ்கண்டிநேவியத் தொன்மத்தில் வோலுண்டர் என்னும் கொல்லன் தப்பிச் செல்லாது தனக்கே பணிபுரிய வேண்டுமென்பதற்காக, அரசனொருவன் அவனது கால் நரம்பை அறுப்பிக்கிறான். அங்கே ஊனம் அதிகாரத்தின் செயலாக வெளிப்படையாகவே கூறப்படுகிறது. கிரேக்கத்தில் அது இயற்கையானதாகவோ குடும்பப் பூசலின் விளைவாகவோ உருமாறி நிற்கிறது.

இவ்வுருமாற்றத்தின் தத்துவ வடிவத்தைக் கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் செனபன் எழுதிய 'இல்லற நிருவாகம்' பற்றிய உரையாடலிற் காணலாம். பகல் முழுதும் உள்ளிருந்தும் நெருப்பருகே இருந்தும் செய்யும் தொழில்கள் உடலைக் கெடுக்கின்றன. உடல் கெட உள்ளமும் கெடுகிறது. ஆகவே கைவினையாளர் நல்ல நண்பருமாகார், நாட்டைக் காப்போருமாகார் என்பது அங்கு கூறப்படும் வாதம். அரிஸ்டோட்டில் இதனை மேலுங் கொண்டு சென்று, சிறந்த அரசு கைத்தொழிலாளனைக் குடிமகனாக ஏற்காது என்றார். வேலையின் நிலைமைகள் உடலுக்கு இழைத்த கேடு, உழைப்பவனின் குணக்கேடாக மாற்றப்படுவதை நாம் அவதானிக்கலாம். கருத்துநிலை தொழிற்படும் விதம் இதுவே. தொன்மம் காலில் வைத்த ஊனத்தைத் தத்துவம் உள்ளத்தில் வைத்தது.

ஆனால் ஏதென்ஸ் முழுவதும் இவ்வாறே சிந்தித்தது எனக் கொள்வது தவறு. நகரின் பொதுச் சந்தையை நோக்கிய குன்றில், உலோகத் தொழிலாளரின் பட்டறைகளுக்கு அண்மையில், ஹெபைஸ்தோஸுக்கு எழுப்பப்பட்ட கோயில் இன்றும் நிலைத்துள்ளது. அதன் பணி கி.மு. 449 அளவில் தொடங்கியது. எரெக்தியோன் கோயிற் கட்டடப் பணியின் கல்வெட்டுக் கணக்குகளில் குடிமகனும், அந்நியக் குடியிருப்பாளனும், அடிமையும் ஒரே வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு திரக்மா என ஒரே கூலி பெறுகின்றனர். அடிமையின் கூலி பெரும்பாலும் எசமானனையே சென்றடைந்திருக்கும். கி.மு. 413 இல் ஸ்பார்ட்டர் டெக்கெலியாவைக் கைப்பற்றிய பின்னர் 20,000 க்கு மேற்பட்ட அடிமைகள் ஓடிப்போயினர் என்றும், அவர்களுட் பெரும்பகுதியினர் கைவினைத் திறனுடையோர் என்றும் தூசிடிடிஸ் எழுதுகிறார். போற்றப்பட்ட கலையின் கரங்கள் யாருடையன என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இம்முரண்பாடு நாடக அரங்கிலும் எதிரொலித்தது. ஈஸ்கிலஸின் பெயரால் வழங்கும் 'கட்டுண்ட புறொமீதியஸ்' நாடகத்தின் தொடக்கத்தில் நெருப்பை மனிதர்க்கு ஈந்தவனைப் பாறையிற் பிணைக்கும் பணி ஹெபைஸ்தோஸிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவன் விருப்பின்றியே சம்மட்டியை எடுக்கிறான். தன் கைத்தொழிலையே வெறுத்துரைக்கிறான். அருகில் நிற்கும் 'வலிமை' என்னும் பாத்திரமோ, சோம்பி நிற்பதைச் சியூஸ் காண்பான் என்று விரட்டுகிறது. அது கங்காணியின் குரல். மார்க்சிய விமர்சனம் புறொமீதியஸைப் பெரிதும் போற்றி வந்துள்ளது, அது நியாயமானதே. ஆயினும் தன் தோழனுக்குத் தானே விலங்கு செய்யுமாறு நிர்ப்பந்திக்கப்பட்ட தொழிலாளியின் அவலம் அதனிற் குறைந்ததன்று.

உரோமில் நிலைமை மேலும் மாறுகிறது. பட்டறையில் சுதந்திர மனிதனுக்குத் தகுந்தது எதுவும் இருக்கவியலாது எனச் சிசரோ எழுதினார். கி.மு. 19 இல் இறந்த வேர்ஜில், ஹோமரைப் பின்பற்றி ஏனியஸுக்கும் ஒரு கேடயம் அமைத்தார். ஆனால் அங்கே அறுவடையில்லை. உரோமின் வருங்கால வரலாறும், நடுவில் கி.மு. 31 இல் நிகழ்ந்த அக்தியம் கடற்போரும், வெற்றிபெற்ற ஒகஸ்டஸுமே உள்ளனர். அதனைச் செய்யும் முறையும் வேறு. ஹோமரின் தெய்வம் தானே வியர்த்துழைத்தது. வேர்ஜிலின் வல்கனோ ஒற்றைக்கண் அரக்கரை அழைத்து, செய்துகொண்டிருந்த வேலைகளை நிறுத்திவிட்டு இதனைச் செய்யுமாறு கட்டளையிடுகிறான். பேரரசின் யுகத்தில் உழைப்புத் தெய்வமும் மேற்பார்வையாளனாகிவிட்டது.

1857 இல் எழுதிய அறிமுகக் குறிப்பொன்றில் கார்ல் மார்க்ஸ், நவீன இயந்திரத் தொழிற்சாலைக்கு முன்னால் வல்கனுக்கு இடமேது என வினவினார். இயற்கையைக் கற்பனையில் வெல்வது தொன்மம். மெய்யாகவே வென்றதும் அது மறையும் என்பது அவர் விளக்கம். இக்கூற்று இடிக்கும் மின்னலுக்கும் பொருந்தும். ஹெபைஸ்தோஸின் ஊனமோ இயற்கையைப் பற்றிய கற்பனையன்று. மனித உறவுகளைப் பற்றிய சாட்சியம். எனவே இயற்கையை வெல்வதால் மாத்திரம் அது மறையாது. இதற்கான திறவுகோலும் மார்க்ஸிடமே உண்டு. ஹெபைஸ்தோஸ் செய்த முக்காலிகள் தாமே உருண்டோடி அவை சேர்ந்தது போல, நெசவு நாடாக்கள் தாமே நெய்யுமாயின் எசமானர்க்கு அடிமைகள் வேண்டியதில்லை என்றார் அரிஸ்டோட்டில். 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' இதனை எடுத்துக்காட்டி, நாடாக்கள் தாமே நெய்யத் தொடங்கியபோது உழைப்பு நாள் குறையாது நீண்டமையைச் சுட்டியது.

இன்று தாமே இயங்கும் கருவிகள் அரிஸ்டோட்டில் எண்ணியதினும் பன்மடங்கு பெருகியுள்ளன. கருவியின் உடைமை யாரிடம், குறையும் உழைப்பின் பயன் யாருக்கு என்ற வினாக்கள் தீராதவரை, கொல்லன் நொண்டியாகவே இருப்பான். வீரர்களை ஒப்பாய்வு செய்த எமது புலமை மரபு, அவ்வீரர்களுக்கு வேலும் வாளும் வடித்தவர்களையும் தன் ஆய்வுக்குரியோராகக் கொள்ளுமாயின், எமது பண்டை இலக்கியத்தின் சமூக அடித்தளமும் மேலும் தெளிவுறும்.