சூரிய ஒளியில் ஓர் இருண்ட இடைவெளி: கிருஷ்ணனின் 1928 நாட்குறிப்பை முன்வைத்து

இராமன் விளைவின் முன்னுரிமை வழக்கில் மாஸ்கோவின் தரப்பை வலுவாக எழுதியவர் ஃபாபெலின்ஸ்கி. அங்கே லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டெல்ஷ்டாமும் குவார்ட்சுப் படிகத்தில் அதிர்வெண் மாறிய கோடுகளை 1928 பிப்ரவரி 21இலேயே கண்டனர். கல்கத்தாவில் அவை 28ஆம் தேதிதான் தெரிந்தன. அதுவரை இராமனும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணனும் காம்ப்டன் விளைவின் ஒளி வடிவத்தையே கண்டதாக நினைத்திருந்தனர். 2003ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் அவர் வாதம் இதுவே.

இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. பிப்ரவரி 16 தேதியிட்டு 'நேச்சர்' இதழுக்கு அனுப்பிய குறிப்பு காம்ப்டனை முன்னிறுத்தித்தான் தொடங்குகிறது. மே 5 இதழில் வந்த குறிப்பின் தலைப்பிலும் காம்ப்டன் உண்டு. ஆனாலும் ஒப்புமையாகக் காட்டியதை விளக்கமாகவே நம்பினார்கள் என்று கொள்வதை நான் ஏற்கவில்லை.

காரணம், பிப்ரவரி 7ஆம் தேதிக்குரிய கிருஷ்ணனின் நாட்குறிப்பு. இரவு உணவுக்குப் பின் இராமன் பரபரப்போடு கிருஷ்ணன் வீட்டுக்கு வருகிறார். காலையில் பார்த்தது, இத்தனை நாள் தேடிவந்த கிராமர்ஸ்–ஹைசன்பெர்க் விளைவாகவே இருக்க வேண்டும் என்கிறார். அந்தக் கோட்பாடு 1925இல் வந்தது. மூலக்கூறின் சொந்த அதிர்வெண்கள் படும் ஒளியின் அதிர்வெண்ணோடு கூடியும் கழிந்தும் வெளிப்படும் என்பது அதன் சாரம். காம்ப்டன் விளைவிலோ மாற்றத்தின் அளவைச் சிதறும் கோணம் தீர்மானிக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டவர் முதலாவதன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டார். ஒரே ஒரு பதிவுதான், அன்று அச்சேறாதது. ஆனால் மாஸ்கோவின் பிப்ரவரி 21ஆம் தேதியும் அன்று அச்சேறாததே. அவர்கள் கட்டுரை மே 6இல் அனுப்பப்பட்டு ஜூலை 13இல் வெளிவந்தது. ஒரு தரப்புக்குக் கொடுக்கும் சலுகையை மறுதரப்புக்கு மறுக்க முடியாது.

பிப்ரவரி 28ஆம் தேதிப் பதிவைத்தான் ஆய்வாளர்கள் போதிய அளவு வாசிக்கவில்லை. ஒளிமூலம் கல்கத்தாவின் வெயில். 18 செ.மீ. அகல தொலைநோக்கி வில்லை அதைக் குவித்தது. வழக்கமான நீல-ஊதா வடிகட்டியோடு அன்று ஒரு யுரேனியம் கண்ணாடியையும் சேர்த்தார்கள். நிறமாலைநோக்கியில் பார்த்தபோது, படும் ஒளிக்குரிய சிதறலுக்கும் மாறிய சிதறலுக்கும் நடுவே இருண்ட பகுதி தெரிந்தது.

அந்தக் கண்ணாடியின் வேலை, உள்ளே விடும் அலைநீளங்களின் பரப்பைக் குறுக்குவது. அதற்கு முன்பு படும் ஒளியின் பட்டை அகலமாக இருந்ததால், இடம்பெயர்ந்த பட்டை அதன்மேலேயே படிந்து கிடந்தது. பட்டை ஒடுங்கியதும் இரண்டும் பிரிந்தன. 28க்கு முன் பிரிவு தெரியாததற்குக் காரணம் புரிதல் குறைவன்று, மூலத்தின் அகலம். பாதரச விளக்கைக் கையாண்ட மாஸ்கோவுக்கு இந்தத் தடையே இல்லை.

அவர்கள் கண்ட மாறிய சிதறல் வெறும் ஒளிர்தலாக இருக்கலாமே என்ற ஐயமும் உண்டு; இராமன் குழுவைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதன் 1923இல் இதை வலுவற்ற ஒளிர்தல் என்றே கருதினார். ஆனால் 1927 இறுதியில் அதே குழுவின் வெங்கடேஸ்வரன் தூய கிளிசரினில் கண்ட பச்சை ஒளி வலுவாக முனைவுற்றிருந்தது. சாதாரண ஒளிர்தல் அப்படி இருப்பதில்லை.

பின்னாளில் பயன் தந்ததும், படும் ஒளிக்கும் மாறிய ஒளிக்கும் நடுவிலான இந்த இடைவெளிதான். இடப்பெயர்ச்சியின் அளவைப் பொருளே தீர்மானிக்கிறது. படும் ஒளியின் நிறம் அதை மாற்றுவதில்லை. படிகச் சிலிக்கானுக்கு அது சுமார் 520 செ.மீ⁻¹, படிகமாகாத சிலிக்கானுக்கு 480ஐ ஒட்டிய அகலப் பட்டை. மென்படலச் சூரியக்கலத்தில் எவ்வளவு படிகமாகியிருக்கிறது என்பதை இந்த இரண்டையும் ஒப்பிட்டு அறிகிறார்கள். கணினிச் சில்லுக்குள் ஒளியால் தகவல் கடத்தும் முயற்சியிலும் அதே 520 உதவியது. தானாக லேசர் தராத சிலிக்கானை 2004இல் கலிபோர்னியாவில் இராமன் சிதறலைக் கொண்டு லேசராக்கினர். அடுத்த ஆண்டு இன்டெல் ஆய்வாளர்கள் தொடர்ச்சியாக இயங்கும் லேசரையே செய்தனர்.

கல்கத்தாவில் அதை முதலில் பார்த்த நேரம் பற்றிய சிக்கல் மட்டும் தீரவில்லை. 27ஆம் தேதியே கருவியை அமைத்தும் பொழுது சாய்ந்துவிட்டது, மறுநாள் காலையில்தான் பார்த்தார்கள் என்கிறது ஒரு வழக்கு. கிருஷ்ணனோ 28இல் பிற்பகல்தான் ஆய்வகம் போனதாக எழுதுகிறார். இராமன் காலையில் தனியே பார்த்து, பிற்பகலில் இருவரும் மீண்டும் பார்த்திருந்தால் முரண்பாடு இல்லை. அதற்குச் சான்று கிடைக்கும்வரை, நாட்குறிப்பின் பிற்பகலையே நான் எடுத்துக்கொள்கிறேன்.