பொதுப்பானை

1973 செப்டம்பர் 11 அன்று சிலி நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. பினோசேயின் அரசு அவ்வாண்டிலேயே தொழிலாளரின் மைய சங்கத்தைத் தடை செய்தது. வேலை இழந்தோர் ஏராளம்; சிறை சென்றோரும், சென்ற இடம் தெரியாமற்போனோரும் பலர். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்துடன் தொழிலாளரை விட்டுவிட்டுத் தளபதிகளின் பின்னே சென்றுவிடுகின்றன. நாம் தலைநகர் சாந்தியாகோவின் ஓரத்திலிருந்த ஏழைகளின் குடியிருப்புகளுக்குச் செல்வோம்.

வேலைநிறுத்தக் காலங்களில் தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றுகூடிச் சமைத்துண்பது அந்நாட்டின் பழைய வழக்கம். அதற்குப் 'பொதுப்பானை' என்று பெயர். சங்கம் முடங்கியபோது அந்தப் பானையைப் பெண்கள் கையிலெடுத்தனர். சந்தை கலையும் நேரத்தில் மீந்த காய்களைக் கேட்டுப் பெற்றனர், இறைச்சிக் கடையில் எலும்பு வாங்கினர், விறகு பொறுக்கினர். காசு உள்ளவர் சிறிது காசு கொடுத்தார். இல்லாதவர் முறைவைத்துச் சமைத்தார். யாரோ இட்ட பிச்சையன்று அது. அவர்களே கூடி நடத்திய பந்தி. கூடுவதே குற்றமாகிவிட்ட நாட்டில், வெங்காயம் அரிந்துகொண்டே யார் வீட்டில் யாரைப் பிடித்துச் சென்றனர் என்பதையும் பேசிக்கொள்ள முடிந்தது.

பல இடங்களில் அந்த அடுப்பு எரிந்தது பங்கு வளாகத்தில்தான். ஆயர்கள் அனைவரும் ஒரே மனத்தினராய் நின்றனர் என்று எழுத எனக்கும் ஆசைதான், அது உண்மையன்று. ஆயினும் கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கேஸ் அசையவில்லை. பிற சபையாருடன் சேர்ந்து 1973இல் தொடங்கிய உதவிக்குழுவை, 1975 இறுதியில் பினோசேயின் நெருக்கடியால் கலைக்க நேர்ந்தது. 1976 சனவரியிலேயே பேராலயத்தின் அருகில் 'தோழமைப் பணியகம்' என்பதைத் திறந்தார். மறைமாவட்டத்தின் சொந்த அலுவலகமாதலால் அதை மூடுவது அரசுக்கு எளிதாயில்லை.

காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் சாக்குத் துணியில் கந்தல் துண்டுகளை வைத்துத் தைத்த சித்திரங்களை இப்பணியகமே வாங்கி வெளிநாடுகளுக்கு அனுப்பியது. மேலே ஆண்டிஸ் மலை, பிரகாசமான கதிரவன், கீழே பூட்டிய ஆலை, பொதுப்பானை, "எங்கே அவர்கள்?" என்ற கேள்வி. தையல் வேலைதானே என்று தொடக்கத்தில் எவரும் பொருட்படுத்தவில்லை.

1983 மே 11 அன்று செப்புச் சுரங்கத் தொழிலாளரின் அழைப்பை ஏற்று, இரவு எட்டு மணிக்கு மக்கள் வீட்டுக்குள்ளிருந்தபடியே பாத்திரங்களைத் தட்டினர். ஊர்வலம் போகிறவனைக் காவலர் பிடிக்கலாம். நகரெங்கும் எழும் ஓசையை எந்தச் சன்னலில் தேடுவது?

அச்சம் நீங்கிவிடவில்லை. 1984 செப்டம்பர் 4 அன்று, லா விக்டோரியா குடியிருப்பில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு ஆந்த்ரே ஜார்லான், தம் அறையில் விவிலியம் வாசித்துக்கொண்டிருக்கையில் காவலரின் குண்டு மரச்சுவரைத் துளைத்து அவரைக் கொன்றது. மக்கள் பேராலயம்வரை நடந்தே அவரது உடலைக் கொண்டுசென்றனர்.

1988 அக்டோபர் 5 பொதுவாக்கெடுப்பில் ஏறக்குறைய 56 விழுக்காட்டினர் பினோசே வேண்டாம் என்றனர். 1992இல் பணியகம் தன் பணியை முடித்துக்கொண்டது. 2020இல் கொள்ளைநோயால் மீண்டும் வேலை பறிபோனபோது, சாந்தியாகோவின் ஏழைக் குடியிருப்புகளில் பொதுப்பானைகள் மறுபடி அடுப்பேறின.