கிழித்தெறிந்த மடல்கள்: கடலுக்கு அப்பாலிருந்து துக்கம் விசாரித்த வரலாறு

மலாயாத் தமிழரின் பழைய தகரப் பெட்டிகளைத் திறந்து பார்ப்போருக்கு ஒரு குறை கண்ணில் படும். திருமண அழைப்பிதழ்கள் இருக்கும். கடவுச்சீட்டு, பணவிடை ரசீது, கப்பல் சீட்டின் அடிக்கட்டை ஆகியனவும் இருக்கும். ஊரிலிருந்து வந்த சாவுச் செய்திக் கடிதம் மட்டும் பெரும்பாலும் இராது.

இது தற்செயலன்று. கருப்புக் கரையிட்ட கருமாதிப் பத்திரிகையையும் இழவுச் செய்தி தாங்கிய அஞ்சலட்டையையும் படித்தவுடன் கிழித்து எறிந்துவிடுவது நம்மவர் வழக்கம். மூலையில் மஞ்சள் தடவிய மடலுக்கு வீட்டினுள் இடமுண்டு, இதற்கு இல்லை. படித்தவர் தலை முழுகிய பின்னரே அடுத்த வேலையைப் பார்ப்பார். ஆகவே, கடல் கடந்து வாழ்ந்த நம் முன்னோர் ஒருவரையொருவர் எவ்வாறு தேற்றிக்கொண்டனர் என்பதற்கான நேரடிச் சான்றுகளில் பெரும்பகுதியை நாமே அழித்துவிட்டோம். எஞ்சியவற்றைக் கொண்டே இவ்வரலாற்றைக் கூற வேண்டியுள்ளது.

துக்கம் விசாரித்தல் என்பது நம் மரபில் உடலால் செய்யும் வினை. கட்டிப் பிடித்து அழுவது, வாய்க்கரிசி இடுவது, கோடித் துணி போர்த்துவது, எதுவும் பேசாமல் திண்ணையில் அமர்ந்திருப்பது ஆகிய யாவும் ஆள் நேரில் வந்தால்தான் நடக்கும். நல்லதற்குப் போகாவிட்டாலும் கெட்டதற்குப் போயே ஆக வேண்டும் என்று இன்றும் சொல்கிறோம். காணாமலே நட்புக் கொண்டதற்கு நாம் எடுத்துக்காட்டும் பிசிராந்தையார்கூட, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிநாட்டிலிருந்து புறப்பட்டு உறையூர்ப் பக்கம் நேரில் வந்து சேர்ந்தார் என்றே புறநானூற்றுச் செய்தி கூறுகிறது. வாழ்நாள் முழுவதும் தொலைவைப் பொருட்படுத்தாத நட்புக்கும் சாவின்போது தொலைவு பொறுக்கவில்லை.

அப்படிப்பட்ட மரபினர்தாம் தோட்டங்களுக்கும் துறைமுகங்களுக்கும் வந்து சேர்ந்தனர். 1926 முதல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடிய 'ரஜூலா' கப்பலில் சிங்கப்பூரிலிருந்து தமிழகக் கரையை அடைய ஒரு வாரமளவு ஆயிற்று. ஊரிலோ இறந்தவர் உடலை அன்றே, தவறினால் மறுநாள், எடுத்துவிடுவர். ஆகவே மகன் முகம் பார்ப்பது என்பது கணக்கிலேயே இல்லாமற்போயிற்று.

1871ஆம் ஆண்டில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றைக் கடலடித் தந்திக் கம்பி இணைத்தது. செய்தி விரைந்தது, ஆள் விரையவில்லை. தந்தி ஆங்கிலத்தில் வந்தது. கட்டணம் சொல்லுக்கு இவ்வளவு என்று இருந்தமையால் நான்கைந்து சொல்லில் ஓர் உயிர் அடங்கியது. தோட்டத்து ஆலைக்காரனோ பால்வெட்டும் பெண்ணோ அதனைத் தாமே படிக்க இயலாது. கிராணியிடமோ பள்ளி ஆசிரியரிடமோ கொண்டுபோக வேண்டும். 'தந்தி வந்திருக்கிறது' என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே லயத்தில் அழுகை எழுந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். 'உடல்நிலை மோசம், உடனே புறப்படு' என்று வந்தால் ஆள் போய்விட்டார் என்றே பொருள் கொண்டனர். அதிர்ச்சியைத் தணிக்க அனுப்பியவர் சொன்ன பொய் அது. பெற்றவரும் அதனைப் பொய்யென்று அறிவார். தந்தியைப் பிரித்துப் படித்த அந்த அயலாரே கடல் கடந்த துக்கத்தின் முதல் சாட்சி. இறந்தவரை ஒருநாளும் கண்டிராத லயத்து மக்களே கூடி அமர்ந்து இழவு வீடாக்கினர்.

பிறகு ஊருக்கு எழுதும் கடிதம். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதினார். 'ஆண்டவன் சித்தம், மனம் தேற வேண்டியது, இத்துடன் காரியச் செலவுக்குப் பணம் அனுப்பியுள்ளேன்' என்ற வகையில் அமைந்த வாசகங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. இவை உயிரற்ற சூத்திரங்கள் என்று கருதுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தாயை இழந்த ஒருவர், மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஆசிரியரிடம் தம் நெஞ்சைத் திறந்து காட்ட முடியுமா? வழக்கமான வாசகம் அவருக்கு ஒரு மறைப்பாயிற்று. அன்பின் அளவைப் பணவிடைத் தாளில் எழுதிய தொகையே சொல்லிற்று. காரியத்துக்குச் சமைத்த அரிசியில் தன் பங்கு இருந்தது என்பதே வராத மகனுக்குரிய வாய்க்கரிசி.

இதே காலத்தில் மலாயாவில் இரயில்வேயிலும் எழுத்தர் பணியிலும் அமர்ந்த யாழ்ப்பாணத் தமிழர் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். அவர்கள் கிழித்தெறியவில்லை, அச்சிட்டனர். முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டியில் வாசித்து வழங்கும் சிறு நூலுக்குக் 'கல்வெட்டு' என்று பெயர். நடுகல்லின் நினைவு அப்பெயரில் ஒட்டியிருக்கிறது என எண்ணத் தோன்றுகிறது. அதில் இறந்தவரின் குடிவழி வரும், வாழ்க்கை வரும், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாகப் பாக்கள் வரும். ஊர்ப் புலவர் ஒருவரே அத்தனை பேர் குரலிலும் பாடியிருப்பார். கோலாலம்பூரில் இருக்கும் மகன் வர இயலாவிட்டாலும், அவன் பெயரால் அமைந்த புலம்பல் அவன் வீட்டு முற்றத்தில், அவன் தாயின் செவியில், உரக்க வாசிக்கப்பட்டது. தூரத்தில் இருப்பவனுக்கு மரபு அளித்த இடம் அது.

கல்வெட்டின் முகப்பில் வரும் திதி வெண்பாவையும் கவிதையாக மட்டும் பார்த்தல் போதாது. ஆண்டின் பெயர், மாதம், பட்சம், திதி ஆகியவற்றை நான்கடியில் அடக்கிய வெண்பா அது. ஆங்கில நாள்காட்டியில் வாழ்ந்த அலுவலருக்கு ஆண்டுதோறும் திவசம் எந்நாளில் வரும் என்பதை அதுவே மனத்தில் நிறுத்திற்று. ஒருவர் ஊரிலும் மற்றவர் தைப்பிங்கிலும் ஒரே நாளில் படையல் இடுவதற்கு வேறென்ன கருவி இருந்தது? இக்கல்வெட்டுகளுள் பலவற்றை இன்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பில் படிக்கலாம். நம் தோட்டத்து மூதாதையருக்கு அத்தகைய தொகுப்பு ஏதும் இல்லை என்பது வருத்தத்துக்குரியது. வறுமையும் எழுத்தறிவின்மையும் அதற்குப் பெருங்காரணங்கள். கிழித்தெறியும் வழக்கமும் ஒரு காரணம்.

திதி அறியாத சாவுகளும் உண்டு. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. இந்தியாவுக்கான கப்பலும் அஞ்சலும் அற்றுப்போயின. அடுத்த ஆண்டுக்குள் பான் போங்குக்கும் தன்பியூசயாத்துக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதையை ஜப்பானியர் அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காட்டிலே மாண்டனர். அவர்களுக்காக எவரும் தந்தி அடிக்கவில்லை. தமிழகத்துச் சிற்றூரில் இருந்த மனைவி தாலியைக் கழற்றுவதா, வேண்டாவா என்று அறியாமல் காத்திருந்தாள். போர் முடிந்து அஞ்சல் மீண்டபோதும், உடன் சென்று உயிர் தப்பியவர் சொல்லக் கேட்டதே பலருக்குச் செய்தி. நாள் தெரியாத சாவுக்கு மாளய அமாவாசையில் நீர் இறைக்கலாம் என்ற பழைய ஏற்பாடே அத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டியது. ஆறுதல் மடல் எழுத வேண்டியவரும் பெற வேண்டியவரும் ஒருசேர இல்லாமற்போன வீடுகளும் தோட்டங்களில் இருந்தன.

பின்வந்தவற்றை விரிக்க வேண்டியதில்லை. 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' ஆகிய நாளேடுகளில் நினைவஞ்சலிகள் இடம்பெற்றன. நீல நிற வான்மடல், தொலைபேசி, விமானம் என்று தொலைவு சுருங்கிக்கொண்டே வந்தது. தொலைவு என்பது தீர்ந்துபோன சிக்கல் என நாமும் நம்பிவிட்டோம்.

2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியது. ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்த மகனுக்கு அக்கரையில் இருந்த தந்தையின் சவம், ரஜூலா காலத்து நாகப்பட்டினத்தினும் தொலைவாயிற்று. இரங்கல், கடும்நோய் ஆகிய காரணங்களுக்காக எல்லை கடக்க இரு அரசுகளும் தனி ஏற்பாடு செய்தது 2021 மே மாதத்தில்தான். இடைப்பட்ட காலத்தில், தலைமாட்டில் நின்ற உறவினர் ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்துக் காட்ட, வாடகை அறையில் இருந்தவர் அதன் திரையில் வாய்க்கரிசி இடுவதைப் பார்த்தார். தந்தியைப் படித்துச் சொன்ன கிராணியின் இடத்தில் இப்போது கைபேசியைப் பிடித்தவர் நின்றார். பிணத்தைப் பார்ப்பதா, திரையில் அழுபவரைப் பார்ப்பதா என்று அவருக்கும் தெரியவில்லை. எழுத்தில் வந்த இரங்கலைக் காட்டிலும் குரல்பதிவாக வந்ததே மிகுதி. பெரியம்மாவும் அண்டை வீட்டாரும் பேசி அனுப்பிய அப்பதிவுகளைச் சிலர் பதினாறாம் நாள் கழிந்ததும் அழித்துவிட்டனர். ஏன் என்று கேட்டபோது, வீட்டில் வைத்திருக்கக் கூடாதல்லவா என்றனர்.